ஆமி வெளிக்கிட்ட வெள்ளிக்கிழமை

புலம்பெயர்ந்து வந்து, கர்க்லாண்ட் நகரில் தன் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்திவந்த சிவாஜினிக்கு, அந்த மே மாதத்தில் சோறு தொண்டைக்குள் இறங்க மறுத்தது. காப்பகத்தில் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். ஆறுபேருக்கும் ஆறு விதமான அழுகை, ஆறு விதமான பிடிவாதம். அவையெல்லாம் அவளுக்குப் பழகிப்போனவை. அவளுடைய உறக்கத்தைக் கெடுத்தவர் எலிசா என்னும் அதிகாரி.

காப்பகங்களுக்கு அனுமதி வழங்கும் அலுவலகத்திலிருந்து எலிசா சித்திரையில் ஒருமுறை வந்திருந்தார். வீட்டில் தீப்பிடித்தால் பிள்ளைகளை எவ்வாறு வெளியேற்றுவீர்கள், செய்து காட்டுங்கள் என்று கேட்டார். சிவாஜினி செய்து காட்டினாள், எல்லாம் தலைகீழாயிற்று. விரைவு, விரைவு என்று பொருள்பட “வீத், வீத்” எனப் பிரெஞ்சில் அவள் கத்தக் கத்தப் பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். ஒருத்தி சப்பாத்தைக் கால்மாற்றிப் போட்டுக்கொண்டு விம்மினாள். ஆளுக்கொன்றாகப் பிடித்து நடக்க வண்ண வளையங்கள் கோத்த நடைக்கயிற்றை ஒருவரும் பிடிக்கவில்லை. வாசலைத் தாண்டிய பிறகு, மூன்று வயதுத் தனோஜன் தன் துணிமுயலை எடுக்க மீண்டும் உள்ளே ஓடினான். அவனைப் பிடிக்கச் சிவாஜினி ஓட, மற்ற ஐவரும் தெருவோரத்தில் தனித்து நின்றார்கள்.

எலிசா கடிந்துகொள்ளவில்லை. சொல்லாமல் இன்னொருநாள் வருவதாகவும், அன்றும் இவ்வாறே நிகழ்ந்தால் அனுமதியைப் புதுப்பிக்குமாறு தம்மால் எழுத இயலாது என்றும் மென்மையாகக் கூறிச் சென்றார். அந்த மென்மைதான் சிவாஜினியை அதிகம் அச்சுறுத்தியது. பிறர் அலுவலகங்களில் தரை துடைத்த ஆண்டுகளுக்குப் பின், தானே விரும்பித் தேடிக்கொண்ட வேலை இது. இதை இழந்தால் மறுபடியும் வாளியையும் துடைப்பத்தையும் தூக்கவேண்டியிருக்கும் என்பது ஒருபுறம். காலையில் கதவைத் திறந்ததும் காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்பது மறுபுறம்.

கணவன் இரதீசன் வேடிக்கையாகத் தேற்றினான். “நெருப்புக்குப் பயமில்லை உமக்கு, அந்த மனிசிக்குத்தான் பயம்,” என்றான். தபால்பெட்டியில் வந்த விளம்பரத் தாள்களையெல்லாம் படிக்காமலே அள்ளிக் குப்பைக்கூடையில் போடுவதும் அவனுடைய வழக்கம். அந்த வாரம் அவன் அவ்வாறு போட்டவற்றுள், பூங்காவில் நடைபெறவிருந்த நாடகத்தின் அறிவித்தலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை முற்பகல் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கம்பளத்தில் கட்டைகளை அடுக்கினார்கள். அப்போது பூங்காப் பக்கத்திலிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அது அடங்குமுன் இன்னொன்று. சிவாஜினி கரண்டியோடு சன்னலருகே சென்றாள். தெருவின் வளைவில் ஒரு கபிலநிறக் குதிரை விரைந்து வந்தது. அதன்மேல் நீலக் கம்பளித் தொப்பி அணிந்து, இடையில் வண்ணக்கச்சை கட்டிய ஒருவன் இருந்தான். படையினர் வருகிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடுங்கள் என்று அவன் பிரெஞ்சில் கூவியபடி வீட்டைக் கடந்து போனான்.

கர்க்லாண்டுக்குப் படை வராது என்பதை அவளுடைய அறிவு நன்கு அறிந்திருந்தது. அவளுடைய கைகால்களுக்கு அந்தச் செய்தி சென்று சேரவில்லை. ஒன்பது வயதில், போர் நடந்த அவளுடைய ஊரில் சைக்கிளில் வந்த ஒரு பெடியன் படலையைத் தட்டி, “ஆமி வெளிக்கிட்டிட்டான், எழும்புங்கோ,” என்று இராணுவம் புறப்பட்ட செய்தியைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனதை அந்தக் கைகால்கள் மறந்திருக்கவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள். தனோஜனின் துணிமுயலைத் தேடியெடுத்து முதலில் தன் சட்டைப்பையில் செருகினாள். விட்டுவந்த பொருளுக்காகவே ஆட்கள் திரும்பி ஓடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவசரப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடைக்கயிற்றைத் தரையில் விரித்தாள். கத்தவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் காதருகேயும் குனிந்து, சப்பாத்து, வளையம், வாய் திறக்கக் கூடாது என்று மெல்லச் சொன்னாள். சித்திரையில் அவளுடைய கூச்சலுக்கு அசையாத பிள்ளைகள் இந்த மெல்லிய குரலுக்கு உடனே பணிந்தார்கள். கயிறு எழுந்தது. தெருப்பக்கம் போகாமல், பின்கதவால் வெளியேறி, வேலியிடைவெளியால் நுழைந்து, பின்வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையின் மறைவில் ஆறுபேரையும் குந்தவைத்தாள்.

பின்வீடு நகுலேஸ்வரன் அண்ணையுடையது. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அவர், கத்தரிக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன தங்கச்சி, வேலியைப் பிரிச்சுக்கொண்டு வாறீர்?”

“அண்ணை, ஆமி வெளிக்கிட்டிட்டான்.”

எந்த ஆமி என்று அவர் கேட்கவில்லை. “எந்தப் பக்கத்தாலை?” என்று மட்டும் கேட்டார். குழாயைப் பூட்டினார், மண்வெட்டியை ஓசைபடாமல் புல்லில் கிடத்தினார், முழங்கால் நோவையும் பொருட்படுத்தாமல் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார்.

எட்டுப்பேரும் மூச்சடக்கி இருந்தார்கள். ஓநாய் வருகிறதா என்று தனோஜன் பிரெஞ்சில் இரகசியமாகக் கேட்டான். அவ்வேளையில் தெருப்பக்கமிருந்து ஒலிபெருக்கி முழங்கிற்று. பிரித்தானிய முடியாட்சிக்கு எதிராக இந்த மண் 1837இல் கிளர்ந்தெழுந்ததையும், படை வருவதைக் குதிரைத் தூதர்கள் ஊரூராகச் சொன்னதையும் திங்கட்கிழமை பூங்காவில் நடித்துக் காட்டப்போகிறார்களாம். இன்று ஒத்திகை. அனைவரும் வருக, சிறுவர்க்குக் குதிரைச் சவாரி உண்டு, ஹாட் டாக் இலவசம்.

சிவாஜினியும் நகுலேஸ்வரனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“தங்கச்சி,” என்றார் அவர், “ஆமிக்காரன் ஹாட் டாக் குடுக்கிறதை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அவருடைய தோள்களும் குலுங்கின. காரணம் அறியாத பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

“மடாம் சிவாஜினி?”

வேலியிடைவெளியில் எலிசா நின்றார். சிவாஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குதிரைக்காக மூலையில் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்ததாகவும், பக்கப்பாதையால் வரும்போது பிள்ளைகள் வரிசையாகப் பின்கதவால் வெளியேறியதைக் கண்டதாகவும் எலிசா சொன்னார். பிறகு பிள்ளைகளை எண்ணினார். கால்களைப் பார்த்தார், சப்பாத்துகள் எல்லாம் உரிய கால்களில் இருந்தன. அவளுடைய சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த துணிமுயலின் காதையும் பார்த்தார். மிகச் சிறந்த பயிற்சி என்றார்.

ஒரு தலையசைப்புப் போதும். அனுமதி கைக்கு வந்துவிடும். நகுலேஸ்வரன் நிலத்தைப் பார்த்தபடியே, “ஓமெண்டு சொல்லும், ஓமெண்டு சொல்லும்,” என்று தமிழில் முணுமுணுத்தார்.

சிவாஜினியால் சொல்ல முடியவில்லை. ஆறு வீட்டுப் பெற்றோர் அவளை நம்பிப் பிள்ளைகளை விடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்லப்போகிறவர் உண்மையான ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? இது பயிற்சி அல்ல, நான் உண்மையாகவே பயந்துவிட்டேன், எங்கள் ஊரில் இப்படித்தான் செய்தி வரும் என்று தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் சொல்லி முடித்தாள். அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

எலிசா வேலியிடைவெளியால் திரும்பி, சிவாஜினியின் வீட்டுக்குள் சென்றார். சமையலறைச் சன்னலில் அவருடைய தலை தெரிந்தது, அடுப்பருகே நின்றது, மறைந்தது. அவர் திரும்பி வந்து சேரும்வரை, கயிற்றின் நுனியைச் சிவாஜினி தன் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அடுப்பு அணைந்திருக்கிறது,” என்றார் எலிசா. “நீங்கள் பயப்படுகிறீர்களா என்பதை நான் எழுதுவதில்லை. நீங்கள் பயந்தபோது பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பதைத்தான் எழுதுவேன். இன்றே எழுதிவிடுகிறேன்.”

ஒரே ஒரு திருத்தம் வேண்டும் என்றார். இனி வெளியேறும் வழி பின்கதவாகவும், கூடும் இடம் இந்தத் தோட்டமாகவும் இருக்கட்டும். அதற்கு அயலவர் சம்மதிக்கவேண்டும். பிரெஞ்சு விளங்கினாலும் பேசத் தயங்கும் அண்ணையைச் சிவாஜினி திரும்பிப் பார்த்தாள்.

“கத்தரிக்கண்டை மிதிக்காட்டி எப்பவும் வரலாமெண்டு சொல்லும்,” என்றார் நகுலேஸ்வரன். “ஆனா அடுத்தமுறை எந்த ஆமியெண்டு கேட்டுப்போட்டுத்தான் குந்துவன்.”

எலிசா போன பின், வெடிச்சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டபடி குதிரைக்காரன் வீடுவீடாகத் திரும்பி வந்தான். படையினர் எப்போது வருவார்கள் என்று தனோஜன் முயலை அணைத்தபடி அவனை விசாரித்தான். திங்கட்கிழமை, மதியத்துக்குப் பிறகு என்று அவன் மரியாதையாக விடையளித்தான்.

சிவாஜினி மறுபடி அடுப்பை மூட்டினாள். பிள்ளைகளுக்குச் சோற்றைப் பிசைந்து கொடுத்து, அவர்கள் உறங்கிய பிறகு பானையைத் திறந்தாள். சோற்றுக் கோப்பையை எடுக்கும் பொறுமைகூட அவளுக்கு இல்லை. நின்றபடியே பருப்பும் சோறுமாக அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். பானையின் அடி தெரியும்வரை சாப்பிட்டாள்.