பரமசிவம் எக்ஸாஸ்டை மாற்றிய காரணம்

என் வீட்டுக்காரர் பரமசிவத்துக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று பாலிடெக்னிக்கில் படிக்கும் எங்கள் மகள் நிரஞ்சனா. இன்னொன்று அவருடைய காரின் பின்னால் தொங்கிய எக்ஸாஸ்ட் குழாய்.

காரோடு வந்த குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஜப்பானிலிருந்து பலமாக உறுமும் குழாய் ஒன்றை வரவழைத்து மாட்டியிருந்தார். அனுமதி வாங்கிய சாமான், பேப்பர் இருக்கிறது என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் வாயைத் துணி போட்டுத் துடைப்பார். விரைவுச்சாலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் போதும், கண்ணாடியை இறக்கிவிடுவார். "கேளு பூவு, கேளு. சுவத்துல பட்டுத் திரும்பி வருது பாரு!" ஊர்ப் புகையெல்லாம் என் மூக்கில் ஏறும். நான் திட்டுவேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

தீபாவளிக்கு முந்தி வரைக்கும் அந்தச் சத்தத்தை நான் திட்டாத நாள் கிடையாது. அதற்குப் பிறகு அதுதான் எங்களைக் காப்பாற்றியது. காரணம், கோப்பி.

கோப்பி ஒரு பூனை. பால் கம்மியாக ஊற்றிய கோப்பியின் நிறம். எங்கள் ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மழையில் நனைந்துகொண்டிருந்ததை நிரஞ்சனா தூக்கிக்கொண்டு வந்தாள். வீவக வீட்டில் பூனை வளர்க்கலாம் என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே சொல்லிவிட்டது. பரமசிவம் சொல்லவில்லை. "முடி கொட்டும், சோபாவைக் கிழிக்கும். நான் இருக்குற வரைக்கும் இந்த வீட்டுல பூனை கிடையாது" என்றார். கிடையாது என்றால் கிடையாதுதான். மனுஷர் வார்த்தையை விட்டால் திரும்ப எடுக்கத் தெரியாதவர்.

ஆனால் எனக்கு வேறு கணக்கு. பரீட்சையில் இரண்டு பாடம் போனதிலிருந்து பிள்ளை அறைக்குள்ளேயே கிடந்தாள். எதைக் கேட்டாலும் 'ம்', 'ம்ஹூம்'. பூனை வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். பூனையிடம்தான் பேசினாள், இருந்தாலும் பேசினாளே! அதை எந்த மனசோடு நான் வெளியே விரட்டுவேன்? வளர்த்தோம், அவருக்குத் தெரியாமல்.

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே கார்பார்க். அவர் கார் சரிவில் ஏறும்போதே சத்தம் கேட்டுவிடும். நான் தீனித் தட்டை எடுத்து ஒளித்துவைப்பேன். கோப்பிக்கு யாரும் சொல்லவே வேண்டாம். காதை ஒரு திருப்பு, ஒரே ஓட்டம், நிரஞ்சனா அறை அலமாரிக்கடியில். வளர்ந்த பிள்ளையின் அறைக்குள் அவர் நுழைய மாட்டார். அவர் முன்னாலேயே மகள், "அம்மா, கோப்பி எங்க?" என்று கேட்பாள். "உள்ள இருக்கு" என்பேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

அப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை, சத்தமே இல்லாமல் கதவில் சாவி திரும்பியது. கோப்பி சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்து நெத்திலி தின்றுகொண்டிருந்தது. அடக் கடவுளே! அது எகிறிய எகிறலில் தட்டு கீழே விழுந்து உடைந்தது. அவர் உள்ளே வந்தபோது நான் நெத்திலி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கார் சத்தமே கேக்கலையே?"

"மாத்திட்டேன். பழைய குழாயையே போட்டாச்சு."

"ஏன்?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

சும்மாவா? எனக்கு மண்டை குடைந்தது. அவ்வளவு ஆசையாக வாங்கியதை யாராவது சும்மா கழற்றுவார்களா? அண்டை வீட்டார் புகாரா? எதிர்வீட்டில் கேட்டேன், யாரும் வாயைத் திறக்கவில்லையாம். போலீஸ் பிடித்ததா? பேப்பர்தான் இருக்கிறதே. உடம்புக்கு ஏதாவதா? மனுஷர் இரண்டு தட்டு சோறு சாப்பிடுகிறார்.

மறுநாள் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது முகைதீன் பாய் கண்ணில் பட்டார். இவர் காருக்கு எல்லா வேலையும் செய்யும் மெக்கானிக் அவர்தான். விடுவேனா?

"ஏன் பாய் அதைக் கழட்டுனாரு?"

"நானும் கேட்டேன் லா, அக்கா. நல்ல சாமான், ஆளுங்க தேடி அலையுறாங்க. இவரு கேக்கல. 'முகைதீன், இனிமே நான் வீட்டுக்கு வர்றது பூனைக்குக்கூடத் தெரியக் கூடாது'ன்னாரு. அவ்ளோதான்."

பூனைக்குக்கூடவா! அப்படியென்றால் திருட்டுத்தனமாக வந்து எங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத் திட்டம். யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நல்ல நாளிலேயே கோபக்காரர், ஏமாற்றினோம் என்று தெரிந்தால் பூனையை அன்றைக்கே வெளியே தூக்கிப் போட்டுவிடுவார். கறியை வாங்கியதும் வாங்காததுமாக வீட்டுக்கு ஓடினேன்.

அவர் நண்பர்களோடு வெளியே போயிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நிரஞ்சனா முகம் செத்துவிட்டது. பாசிர் ரிஸில் இருக்கும் அவள் தோழி ஃபர்சானா பூனையை வைத்துக்கொள்வதாகப் போனில் சொன்னாள். "நல்லா இருக்கும்மா அங்க, she loves cats" என்று சொல்லிக்கொண்டே பிள்ளை அழுதாள். கோப்பியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தோம். அது உள்ளிருந்து கத்திய கத்தலில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. பழையபடி 'ம்', 'ம்ஹூம்' வீட்டுக்குத் திரும்பப் போகிறோம் என்று நினைத்தாலே பயமாக இருந்தது.

கிராப் டாக்சிக்குச் சொல்லக் கைப்பேசியை எடுத்தேன். நிமிர்ந்தால் வாசலில் அவர். எப்போது வந்தார், எப்படி வந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

நிரஞ்சனா பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில் பார்த்தார்.

"கோப்பி எங்க?"

"இதோ, போடுறேங்க" என்று அடுப்படிக்குத் திரும்பினேன்.

"அந்தக் கோப்பி இல்ல."

பைக்குள்ளிருந்து மியாவ் என்று ஒரு சத்தம். அவர் சட்டைப் பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். பூனைத் தீனி!

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் வாரத்துலேர்ந்தே. என் கால்சட்டை பூரா முடி, எனக்கென்ன கண்ணு குருடா?" தலையைக் குனிந்துகொண்டார். "கார் சத்தம் கேட்டாலே ஓடிப்போயிடுது. இவ்வளவு நாள்ல நான் பார்த்தது வாலு மட்டுந்தான். என் வீட்டுப் பூனையை நான் ஒரு தடவை முழுசாப் பார்க்க வேணாமா?"

"அதுக்காகவா அந்தக் குழாயை..."

"அதுக்காகத்தான்."

"அட மனுஷா! வாயைத் திறந்து சொல்லியிருந்தா என்ன?"

"கிடையாதுன்னு சொன்னவன் நானாச்சே, பூவு."

அதற்குமேல் நிரஞ்சனா தாங்கவில்லை. "அப்பா!" என்று தேம்பிக்கொண்டே ஜிப்பைத் திறந்தாள். கோப்பி தலையை நீட்டியது. அவர் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தீனியைக் கொட்டி நீட்டினார். அது ஓர் அடி வைத்தது, நின்றது, அவர் கையை மோந்து பார்த்தது.

எனக்குக் கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"உஷ்ஷ்!" என்றார் பரமசிவம். "சத்தம் போடாத. ஓடிடும்."