முப்பத்தொன்றாம் எண் லாக்கர்

எங்கள் ஆஸ்திரேலிய ஃபுட்பால் கிளப்பில் ஐம்பது ஆட்டம் ஆடினால்தான் லாக்கர் கதவில் பெயர் எழுதுவார்கள். வெள்ளைப் பெயிண்டில், கோணல்மாணலாக. அந்தக் கோணல் எழுத்துக்காகக் கையும் காலும் உடைந்தவர்கள் உண்டு. முப்பத்தொன்றாம் எண்காரன் கிளெம் ராஃபர்டி நாற்பத்தொன்பதில் நின்றான்.

அறுபத்தெட்டாம் வருடம், லீக் ஆட்டங்களின் கடைசி சனிக்கிழமை. மெல்பர்னில் விடாத மழை. முழங்கால் போன கிளெமுக்கு அடுத்த வருடம் இடமில்லை என்பது ஊருக்கே தெரியும். கோச் அவனை மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். யாராவது வெளியே வந்தால்தான் அவன் இறங்கலாம். வெளியே வந்தவன் அன்றைக்குத் திரும்ப இறங்கக் கூடாது. மைதானத்தில் கால் வைக்காவிட்டால் அது அவன் கணக்கில் ஆட்டமே இல்லை.

நான் ஆட்டக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடுகிறவன். யூகலிப்டஸ் தைலமும் சேறும் கலந்த அந்த வாசனைக்கு இன்றைக்கும் மனசு ஏங்குகிறது.

பத்து நிமிடம் பாக்கி. ஐந்து கோல் முன்னால் இருந்தோம். கிளெம் போர்வையைப் போர்த்திக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோச், கிளெமை இறக்கலாமே?" என்றேன்.

"நீ தைலத்தைப் பாரு லெஸ். ஜெயிக்கிற டீம்ல நான் கை வைக்க மாட்டேன்" என்று எரிந்து விழுந்தார்.

அப்போதுதான் வெர்ன் டாலி விழுந்தான். எங்கள் டீமிலேயே வேகக்காரன். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான். ஓடிப்போய் அழுத்திப் பார்த்தேன். தசை பிடித்திருந்தால் இறுகியிருக்கும். இது பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று இருந்தது.

"எங்கடா புடிச்சிருக்கு?"

"வாயை மூடிட்டுத் தேய்டா. செத்தாலும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது, ஆமா."

போர்வை பறந்தது. கிளெம் ஓடினான். இரண்டே முறை பந்தைத் தொட்டான், அதில் ஒன்றை நழுவவிட்டான். யாருக்கு என்ன!

அடுத்த வாரம் அரையிறுதி. வெர்னுக்கு ஓய்வு என்றார் கோச். "கால் நல்லா இருக்கு" என்று அவன் மன்றாடியும் கேட்கவில்லை. அவன் இடத்தில் வேறொருவன் ஆடினான், ஜெயித்தோம். அப்புறம் அந்த மனுஷர் டீமில் கை வைப்பாரா? இறுதி ஆட்டத்தில் நாங்கள் கோப்பை வாங்கியபோது வெர்ன் கோட்டு சூட்டோடு வேலியோரம் நின்று கைதட்டினான். அதற்குப் பிறகு எங்கள் கிளப் இறுதி ஆட்டத்தை எட்டவே இல்லை.

போன குளிர்காலத்தில் பழைய ஆட்டக்காரர்களின் விருந்து. கிளெம் லாக்கர் கதவிலிருந்த தன் பெயரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வெர்னை வம்புக்கு இழுத்தான்.

"உன் காலு மக்கர் பண்ணலேன்னா இந்தக் கதவுல நான் ஏதுடா? ஆனா கோப்பையைக் கோட்டை விட்டியே, பஞ்சுக் காலு!"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னும்தான்.

"லெஸ், நீதானே தேய்ச்சே. நெசமாவே அவ்வளவு மோசமா?" என்று கிளெம் கேட்டான்.

வெர்ன் பீர் கிளாஸுக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

"கல்லாட்டம் இருந்துச்சுடா" என்றேன்.