அட்டைக்காரர்களுக்குப் பின்வாசல்

என் கல்யாணப் பட்டு ஜிப்பாவை எத்திராஜுக்கு மாட்டிப் பித்தான் போட்டு முடிப்பதற்குள் அவன் நாலு தடவை இருமிவிட்டான். அந்தச் சத்தத்துக்கு எண்ணூர்க் கழியில் நின்ற கொக்கெல்லாம் எழுந்து கடலுக்குள் பறந்திருக்கும். நான் எதையும் ஊதிப் பெருக்குகிறவன் என்று என் மருமகள் இன்றைக்கும் சொல்கிறாள். போகட்டும், பாதிக் கொக்காவது பறந்திருக்கும்.

ஐம்பத்தாறாம் வருஷம். திருவொற்றியூரில் ஓர் இரும்பு வார்ப்பட ஆலையில் எங்கள் இருவருக்கும் மணல் சலிக்கும் வேலை. தொழிலாளர் இன்ஷூரன்ஸ் அப்போதுதான் வந்திருந்தது. வாராவாரம் கூலியில் பிடித்துக்கொண்டு, கையில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். பட்டியலில் உள்ள எந்த டாக்டரிடமும் அதை நீட்டினால் போதும், வைத்தியம் இலவசம் என்றார்கள். எத்திராஜுக்கு இரண்டு மாதமாக இருமல். சனிக்கிழமைக்குள் டாக்டர் சர்டிபிகேட் வரவில்லையென்றால் பேரை அடித்துவிடுவதாகப் போர்மேன் சொல்லியிருந்தான். அன்று வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை முழுக்க அலைந்திருந்தோம். காலடிப்பேட்டை டாக்டர் அட்டையைத் தொடவே இல்லை. தன் கணக்கில் ஆள் நிரம்பிவிட்டது, இனி சேர்ப்பதற்கில்லை என்றார். அவர் வாசலில் ஒரு காக்காய்கூட இல்லை. ராயபுரத்து டாக்டர் பட்டியலில் பேர் கொடுத்ததே யாரோ பெரியவர் கேட்டுக்கொண்டதற்காகத்தானாம், அட்டைக்காரர்களைப் பார்ப்பதில்லையாம். தண்டையார்பேட்டை விலாசத்தில் இருந்தது ஒரு சைக்கிள் கடை. அந்தக் கடைக்காரர் எவ்வளவோ மேல். இருமலைக் கேட்டதும் உட்கார ஸ்டூல் போட்டு, மோர் வாங்கிக் கொடுத்தார். பட்டியலிலேயே உருப்படியான வைத்தியர் அவர்தான்.

மிச்சமிருந்தது வண்ணாரப்பேட்டை டாக்டர் ஒருவர். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டாக்டரைப் பார்க்கப் போனால் கல்யாணத்துக்குப் போவதுபோல் போகவேண்டும். அழுக்குச் சட்டையோடு போய் நிற்பது அவருக்கு மரியாதைக் குறைவு. அதனால்தான் ஜிப்பா. எத்திராஜின் பெண்சாதி சொக்கம்மாள் அவனுக்கு விபூதி பூசி, தலையில் அரைப்படி எண்ணெய் வைத்துச் சீவிவிட்டு, தானும் கூடவே வந்தாள்.

ஜிப்பாவைப் பார்த்ததும் கம்பவுண்டர் எழுந்து நின்றான். டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். எந்த மண்டி முதலாளி என்று விசாரித்தார். பெரிய மனிதரை மறுத்துப் பேசக்கூடாதென்று எத்திராஜ் சிரித்துவைத்தான். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து, இழு, விடு, இன்னும் இழு என்றார். வலது பக்கம் ஓரிடத்தில் நிறுத்தினார். திரும்ப அங்கேயே வைத்தார். முகம் மாறியது. எத்தனை நாளாக என்று மெதுவாகக் கேட்டார். சொக்கம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, கேட்பதற்கு முன்னே கொடுப்பதுதான் மரியாதை என்று, நான் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ மடத்தனம் செய்திருக்கிறேன். அதற்கெல்லாம் ராஜா இது.

ஸ்டெதாஸ்கோப் காதிலிருந்து இறங்கியது. "கார்டு கேஸ் நாலு மணிக்கு. பின்பக்கம் வா," என்றார்.

பின்பக்கம் கக்கூஸ் சந்து. நாலு மணிக்குக் கையில் காலி புட்டிகளோடு அறுபது பேர் நின்றார்கள். சரி, முப்பது. உள்ளே அதே டாக்டர், ஆனால் நாற்காலி இல்லை. தலை நிமிராமல் என்ன உடம்புக்கு என்றார். இருமல் என்றதும் சீட்டில் கிறுக்கினார். கம்பவுண்டர் எங்கள் புட்டிக்குக் கை நீட்டினான். முன்னால் போனவர்கள் எல்லாருடைய புட்டியிலும் இருந்த அதே சிவப்பு மிக்ஸர் மருந்துதான். கால் வீக்கத்துக்கும் அதுதான், கண்வலிக்கும் அதுதான்.

எத்திராஜ் புட்டியைக் கொடுக்கவில்லை.

"சார், காலைல முதுவுல வச்சிக் கேட்டீங்களே. உள்ள இன்னா கீது சார்?"

டாக்டர் நிமிர்ந்தார். எண்ணெய்த் தலை, விபூதி, ஜிப்பா எல்லாம் அப்படியேதான் இருந்தன.

"உன்னை நான் பார்த்ததே இல்லையே," என்றார். "அடுத்த ஆள்."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அச்சில் ஏற்ற முடியாத ராயபுரம் வார்த்தைகள் பதினாறு. சொக்கம்மாள் முந்திக்கொண்டாள். எத்திராஜின் தோளைப் பிடித்துத் திருப்பி, ஜிப்பாவைக் கழுத்துவரை சுருட்டினாள்.

"நீ கேக்காட்டி போ நைனா, நானே கேட்டுக்கிறேன்," என்றாள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், கத்தவில்லை.

காலையில் அவர் நிறுத்திய அதே இடத்தில் தன் காதை வைத்தாள். அவனை இழுக்கச் சொன்னாள். விடச் சொன்னாள். கம்பவுண்டர் மிக்ஸர் ஊற்றுவதை நிறுத்தினான். சந்தில் நின்றவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்கள். அவள் இன்னும் இழு என்றாள். அவளுடைய கண்கள் மூடியிருந்தன, பிறகு திறந்தன.

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. பேனாவை மூடாமல் கையில் பிடித்தபடி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.