தனிஸ்லாசின் மாத்திரைத் தத்துவம்

மூடிப்போன மில்லில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்த தனிஸ்லாஸ், மனித உடம்பும் ஒரு மில்தான் என்று கண்டுபிடித்தவர். பஞ்சுத்தூசி நெஞ்சில் படிவதுபோலக் கருத்தடை மாத்திரை கர்ப்பப்பையில் படிகிறது என்பது அவருடைய தத்துவம். அவர் குடியிருந்த சாரம் பகுதியில் அதை மறுத்துப் பேசியவர் கிடையாது. அவர் யாரையும் பேசவிட்டதில்லை.

மூத்த மருமகள் சகாயசெல்வி பதினான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டவள். நிறுத்திய பிறகு தங்கிய கரு ஏழாவது வாரத்தில் கலைந்துபோனது. படிந்தது கரைய இன்னுமொரு பதினான்கு மாதம் ஆகும், அதுவரை பிள்ளைப் பேச்சே கூடாது என்று மாமனார் சோற்றுத்தட்டின் முன்னால் தீர்ப்புச் சொன்னார். அவள் கணவன் மரிய அருண் மீன்முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தான். அவளுக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். தானே விழுங்கி, தானே தொலைத்துவிட்டோமோ?

இளையவன் மனைவி ரூபியோ கல்யாணமான நான்காம் மாதமே முழுகாமல் இருந்தாள். மருந்து படாத உடம்பு என்று மாமனார் தெருவுக்கே அறிவித்தார். சாய்மான நாற்காலி ரூபிக்குப் போனது. வஞ்சிர மீனின் நடுத்துண்டு ரூபிக்குப் போனது. எட்டு வார வயிற்றை எட்டு மாதம்போல இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு ரூபி நடந்தாள். சகாயசெல்வி பார்க்கக்கூடாது என்று நினைப்பாள், பார்ப்பாள், வெட்கப்பட்டு மறுபடி பார்ப்பாள். ரூபி வாந்தியெடுக்கும் சத்தம்கூட அவளுக்குப் பீற்றிக்கொள்வதாகவே கேட்டது.

ஒரு வியாழக்கிழமை காலை ரூபி அவளைச் சமையலறை மூலைக்கு இழுத்தாள். லேசாக ரத்தம் பட்டிருக்கிறதாம். யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சகாயசெல்வியின் மனசு லேசானது. அதற்காக அடுத்த சிக்னல்வரை மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

டாக்டர் சுமலதாவின் முன்னால் ரூபி உடைந்தாள்.

"டாக்டர், கல்யாணத்துக்கு முன்னாடி, மாசாமாசம் ஒழுங்கா வரணும்னு ரெண்டு வருஷம் கருத்தடை மாத்திர சாப்ட்டேன். அதனாலயா?"

மருந்து படாத உடம்பை சகாயசெல்வி திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். அந்த மாத்திரை முட்டை வெளிவருவதை நிறுத்திவைக்கும். கருப்பை வாய்ச் சளியைக் கெட்டியாக்கி விந்தணுவை மறிக்கும். நிறுத்தினால் சில நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும், எங்கேயும் படியாது. ஆரம்பத்திலேயே கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, உருவாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. அது அம்மா செய்த எதனாலும் வருவதில்லை. பிறகு ஸ்கேன் எடுத்தார். திரையில் பயறளவு ஏதோ ஒன்று விடாமல் துடித்தது.

ரூபி அழுதாள். சகாயசெல்விக்கு ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் பொறாமை இன்னும் வசதியாக ஏறி உட்கார்ந்தது. அதே மாத்திரை, அதுவும் பத்து மாதம் அதிகம். ஆனாலும் ரூபிக்குத் தங்கியது.

"டாக்டர், எனக்கு ஏழு வாரத்துல கலைஞ்சிடுச்சி. பதினாலு மாசம் காத்திருக்கணுமா?"

"யாரும்மா சொன்னது?"

"எங்க மாமா."

"டாக்டரா?"

"மில்லு மேஸ்திரி."

ஒரு மாதவிலக்கு வந்து, மனசும் தயாரானால் போதும் என்று டாக்டர் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ரூபி அவள் தோளைப் பிடித்தாள். "அக்கா, மாமாகிட்ட சொல்லிடாத."

"நான் சொல்லல. நீ சொல்லு."

மத்தியானச் சாப்பாட்டில் மாமனார் பஞ்சிலிருந்து ஆரம்பித்தார். ரூபி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மாமா, நானும் ரெண்டு வருஷம் அந்த மாத்திர சாப்ட்டவதான். அது எங்கயும் படியாதாம்."

தனிஸ்லாஸ் வாயில் இருந்ததை வெகுநேரம் மென்றார். "உன்னுது வேற கம்பெனியா இருக்கும்" என்றார்.

சகாயசெல்வி அவருக்கு ரசம் ஊற்றினாள். ரூபியைப் பார்க்கவில்லை, பார்த்தால் இன்னும் எரியும். கணவனிடம் சொல்வதுபோல, எல்லார் காதிலும் விழும்படி, "நாம காத்திருக்கப் போறதில்லீங்க" என்றாள்.

ரசத்தில் உப்புக் குறைவு என்றார் தனிஸ்லாஸ். உப்பு சரியாகத்தான் இருந்தது.