ஏரிக்கடியில் ஒரு மனை

கிளெனிஸ் வாரிங்காவுக்குக் குடிவந்ததே கணவன் ராஸுக்காகத்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசைப்பட்டவன் இரண்டாவது குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தான். ஏரி இருந்தது. எதிரே சும்மா அவளும் இருந்தாள்.

ஊர் வரலாற்றுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு அவள் போனதும் பொழுது போகாமல்தான். அன்று சங்கமே மூடுவிழாவுக்குத் தயாராக இருந்தது. நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் இருக்க வேண்டும். மிஞ்சியிருந்தது தலைவி ஐவி, லெஸ்டர், அவர் தங்கை ஊனா, அவ்வளவுதான்.

"யாரும் வரலன்னா பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். சாவிய ஏரியில போட்டுடலாம். நம்ம ஊரே அங்கதானே கிடக்கு" என்றார் லெஸ்டர்.

அது வேடிக்கைப் பேச்சு மட்டுமல்ல. ஐவி சிறுமியாக இருந்தபோது அணை கட்டினார்கள். பழைய வாரிங்கா தண்ணீருக்குள் போனது. மக்களை மேட்டுக்குக் கொண்டுவந்து, அதே பெயரில் இந்த ஊரை வைத்தார்கள். ஐவி அன்றிலிருந்து கரைப்பக்கம் போனதில்லை. ஏரி தெரியும் ஜன்னலுக்கு எப்போதும் திரை போட்டிருப்பாள்.

யோசித்து முடிப்பதற்குள் கிளெனிஸின் கை மேலே போயிருந்தது. அடுத்த கை, பன் தட்டோடு வாசலில் நின்ற பேக்கரிக்காரர் விலியாமியுடையது.

"நானும் சேர்றேன். ஆனா எனக்கு இந்த ஊர் வரலாறு ஒண்ணும் தெரியாது. நான் டோங்கா தீவுக்காரன்" என்றார் அவர்.

"எங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? ஞாபகம் இருக்கறதச் சொல்றோம், இல்லாதத அடிச்சு விடறோம்" என்றார் லெஸ்டர்.

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. ஏரி இறங்கி இறங்கி, கடைசியில் பழைய ஊரின் தெரு வெளியே வந்தது. புதுக் குழுவின் முதல் கூட்டத்தை அங்கேயே வைத்தால் என்ன என்று விலியாமி கேட்டார்.

"சேத்துல போயி என்னத்தப் பாக்கறது? நான் வரல" என்றாள் ஐவி.

"எங்க தீவுல அப்பாவப் பொதச்ச எடம் இப்ப கடலுக்கடியில இருக்கும்மா. ஒரு நாள் அந்தத் தண்ணி வெலகுச்சுன்னா, நான் இங்கேருந்து நீந்தியே போயிருவேன்" என்றார் விலியாமி.

ஐவி ஞாயிறு காலையில் எல்லோருக்கும் முன்னால் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கரையில் நின்றாள்.

பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. வெடித்த சேற்றில் சிப்பிகள் காலடியில் நொறுங்கின. பட்டமரக் கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து ஆடாமல் இருந்தன. வீடுகள் என்று சொல்ல இடுப்புயரச் செங்கல்லும் அடுப்படிக் கல்லும்தான் இருந்தன. ஆனால் ஐவி சுவர்கள் நிற்பதுபோலவே நடந்தாள். மூலைகளில் சுற்றிப் போனாள். குறுக்கே நடக்கப்போன கிளெனிஸைத் தடுத்தாள்.

"அங்க மிதிக்காதம்மா. டாலன் வீட்டுக் கோஸ் பாத்தி அது."

கிளெனிஸ் காலை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் லெஸ்டர் வெறும் படிக்கட்டு ஒன்றைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். யாரும் சிரிக்கவில்லை. பனிக்குள் எங்கோ ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டதுபோல் கிளெனிஸுக்குக் கேட்டது. பறவையாகவும் இருக்கலாம்.

முன்பு நடன மண்டபம் இருந்த இடத்தின் கல்தரையில் மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். ஊனா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். ஐவி எழுந்து நின்றாள்.

"குழுவுல இருக்கறவங்களுக்கு ஊர்ல ஒரு எடம் இல்லாம எப்படி? விலியாமி, பேக்கரிய நீ எடுத்துக்க. அந்த மூலையில தெரியுது பாரு, அதான் அடுப்பு. காயக் கொஞ்சம் நாளாகும்."

விலியாமி போய் அந்தச் செங்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"உனக்கு எது வேணும்?" என்று ஐவி கிளெனிஸிடம் கேட்டாள்.

விளையாட்டு என்றுதான் கிளெனிஸ் நினைத்தாள். ஐவியின் முகத்தைப் பார்த்தபின் அப்படி நினைக்க முடியவில்லை. வழியில் ஐவி காட்டியிருந்த கறிக்கடைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே எதுவுமே கட்டாத ஒரு துண்டு நிலத்தைக் கிளெனிஸ் காட்டினாள்.

"அது தாழ்வான மனை. மழ வந்தா தண்ணி நிக்கும்."

"மத்த வீட்டுல எல்லாம் நிக்காதாக்கும்" என்றார் லெஸ்டர்.

முதலில் சிரித்தது ஐவிதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாசல் எந்தப் பக்கம் வெக்கப் போற?"

"ஏரியப் பாத்து."

"இங்க ஏது ஏரி? ஆறுதான்."

"அப்ப ஆத்தப் பாத்து." கிளெனிஸ் சற்றுத் தயங்கினாள். "ஆத்துல மீன் உண்டா?"

"குனிஞ்சு அள்ளலாம். உன் வீட்டுக்காரர வெடியக்காலையிலயே அனுப்பிடு."

கிளெனிஸ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மனையில் போட்டு உட்கார்ந்தாள். மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே பனி மட்டும் தெருவோடு தெருவாக மெல்ல நகர்ந்தது. ராஸ் தூண்டிலைத் தோளில் சாய்த்தபடி வாசலைத் தாண்டி ஆற்றுப்பக்கம் இறங்கிப் போனான். அவளும் கூப்பிடவில்லை, அவனும் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்கு வந்துவிடப் போகிறவனை யார் கூப்பிடுவார்கள்? அவன் போய்ச் சேர்ந்தபின் வந்த காலைகளில் மனம் இப்படி அடங்கி இருந்ததே இல்லை.

மண்டபத்திலிருந்து ஊனா தேநீர் ஆறுகிறது என்று குரல் கொடுத்தாள். கிளெனிஸ் தெருவழியாகச் சுற்றித்தான் போனாள்.

குளிர்காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பகலில் ஐவி போன் செய்தாள்.

"நம்ம தெருவுக்குத் தண்ணி வந்துருச்சாம். அணை கட்டினப்ப என்னைய லாரியில ஏத்தி முன்னாடியே அனுப்பிட்டாங்க, கடைசி வரைக்கும் பாக்க விடல. கூட வரியா?"

இரண்டு பேரும் ஒரே குடையில் கரையில் நின்றார்கள். தண்ணீர் அவசரப்படவில்லை. கோஸ் பாத்தியை நனைத்து, படிக்கட்டில் ஏறி, மண்டபத்தின் கல்தரையில் கண்ணாடிபோல் பரவியது. ஐவி ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி அனுப்பிவைத்தாள். பட்டியலில் கிளெனிஸின் வீடும் வந்தது. கடைசியாகத் தன் வீடு வந்ததும் ஐவி கிளெனிஸைப் பார்த்தாள், அந்தப் பெயரைக் கிளெனிஸ் சொன்னாள்.

பிறகு ஏரி மட்டும் இருந்தது. ஐவி அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். குடை ஒரு பக்கம் சாய்ந்து இருவர் தோளும் நனைந்ததைக் கவனிக்க அங்கே யாரும் இல்லை.