பெயர் கழற்றிய புட்டிகள்

வளைகுடாவில் நாங்கள் வேலை பார்த்த ஹோட்டலில் ஒயின் ஸ்டோருக்கு நான்தான் பொறுப்பு. ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனாலும் என் மனைவி பிரபாவதி, சத்வா பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நான் நுழைந்தால் குளித்துவிட்டுத்தான் அடுப்படிப் பக்கம் வரவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தாள். புட்டியைத் தொட்ட பாவம் சோப்புப் போட்டால் போய்விடுமாம்.

அப்படிப்பட்ட என்னையும் ஒயின்காரி ஒருத்தி கையெடுத்துக் கும்பிட வைத்தாள். எழுபத்தேழு ஆகஸ்டில் சைப்ரஸிலிருந்து வந்தாள். பெயர் தெஸ்பினா. விதவை, எப்போதும் கறுப்புக் கவுன். அவளுக்கு இங்கிலீஷ் வராது. கூட வந்த மகள் கலியோப்பிதான் மொழிபெயர்த்தாள்.

அந்தப் பெண் சொல்லச் சொல்ல அவர்கள் ஊர் எனக்கே தெரிந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. மலைச்சரிவு முழுக்கக் கல் அடுக்கிப் படி கட்டி, படிக்குப் படி திராட்சை. அறுவடை வந்தால் இன்று இவர் தோட்டம், நாளை அவர் தோட்டம் என்று ஊரே சேர்ந்து பறிக்கும். பறித்ததையெல்லாம் பட்டணத்துக் கம்பெனி லாரி அள்ளிக்கொண்டு போய்விடும். இவர்கள் குடும்பம் மட்டும் தாங்களே பிழிந்து, பீப்பாயில் ஊறவைத்து, தாத்தா பெயரை லேபிளில் போட்டு விற்றது. எழுபத்து நாலில் அவர்கள் தீவில் நடந்த சண்டையில் வாடிக்கைக்காரர்கள் சிதறிப்போனார்கள். பாங்குக் கடனுக்கு வருஷக் கடைசி கெடு. நாங்கள் வாங்கினால் தோட்டம் தங்கும், இல்லையென்றால் கம்பெனிக்குப் போகும்.

பெட்டிகள் கப்பலில் முன்பே வந்துவிட்டன. துறைமுகத்தில் அப்போது அவ்வளவு நெரிசல். கப்பல் வாரக்கணக்கில் கடலில் நின்று, இறக்கிய பெட்டிகளும் வெயிலில் கிடந்து, ஒருவழியாக ஸ்டோருக்கு வந்தன. மேனேஜர் அனந்தகிருஷ்ணன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த அம்மாளிடம் பேனாவை நீட்டினார். அவள் பேனாவை வாங்காமல் ஒரு புட்டியைக் கேட்டாள்.

தக்கை மேலே தள்ளிக்கொண்டு நின்றது. ஒரு வாய் குடித்து வாளியில் துப்பினாள். வேறு பெட்டியைத் திறந்தாள். அதையும் துப்பினாள்.

"வெயிலில் ஒயின் வெந்துபோய்விட்டது," என்றாள் மகள்.

"உமாபதி, இங்க பாதிப் பேர் ஐஸ் போட்டுத்தான் குடிக்கறான். ஒருத்தனுக்கும் தெரியப்போறதில்லை," என்று மேனேஜர் என்னிடம் முணுமுணுத்தார். அதையே இங்கிலீஷில் மகளிடமும் சொன்னார். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். கையெழுத்தைப் போட்டுத் தொலையேன் அம்மா என்று நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தெஸ்பினா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். இதைக் குடிப்பவன், லேபிளில் இருக்கிற கிழவர் செய்வது இப்படித்தான் இருக்கும் என்று நினைப்பானாம். சமையலுக்கு வேண்டுமானால் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பெயர் இருக்கக் கூடாது. வெந்நீர் கேட்டாள்.

லாண்டரித் தொட்டியில் புட்டிகளை ஊறப்போட்டு, தரையில் உட்கார்ந்து லேபிள்களைச் சுரண்டி எடுத்தாள். மகள் அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள்.

ஸ்டோரில் பெட்டி தூக்கும் சோலைமுத்து, "அண்ணே, எங்கூர்க்காரனா இருந்தா இந்நேரம் வித்துப்புட்டு பஸ் ஏறியிருப்பான்," என்றான். சொல்லிவிட்டு அவனும் ஒரு கத்தியோடு குந்தினான். எனக்கு மட்டும் என்ன, நாற்காலி கேடா? நானும் உட்கார்ந்தேன். வீடே முழுகப்போகிற நேரத்தில் இவ்வளவு நிதானமாக வேலை செய்கிற கைகளை நான் பார்த்ததில்லை. வணங்கத் தோன்றியது.

சாயங்காலம் மேனேஜர் இறங்கி வந்தார். பெயரில்லாமல் வரிசையாக நின்ற புட்டிகளை வெகுநேரம் பார்த்தார்.

"அடுத்த சரக்கு முழுக்க எங்களுக்குத்தான். இப்பவே கையெழுத்துப் போடறேன்னு சொல்லுங்கோ," என்றார். நான் இங்கிலீஷில் சொன்னேன். மகள் முகம் மலர அம்மாவிடம் சொன்னாள். பதிலைக் கேட்டதும் அந்த மலர்ச்சி வாடிவிட்டது.

"குடித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவருக்கு விற்க மாட்டாளாம். டிசம்பர் முதல் வாரம் பீப்பாய் திறப்போம். வந்து குடித்துப் பார்த்து, பிடித்தால் வாங்கச் சொல்கிறாள்."

அனந்தகிருஷ்ணன் சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே லீவு போடாத மனுஷர். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"உமாபதி, டிசம்பர்ல சைப்ரஸுக்கு எப்படிப் போறதுன்னு விசாரியும்," என்றார்.