அன்னஸ் என்றால் தாய்

நான் குடியிருந்த மாட்டுங்காவில் என்னை 'ஹிட்டைட் ஜம்பு' என்பார்கள். கேலிதான். ரயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை. சனிக்கிழமை பிற்பகல்களில் கோட்டைப் பக்கத்து நூலகத்தில் அகராதியும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். துருக்கியில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் இருக்கும் பாஷை ஹிட்டைட். மூவாயிரத்துச் சொச்சம் வருஷம் பழையது. அதில் தாய்க்கு 'அன்னஸ்' என்று பெயர். கடைசி 'ஸ்' வெறும் எழுவாய் விகுதி. அதைக் கழித்தால் 'அன்ன'. நம் அன்னையேதான் என்று முடிவு கட்டினேன். அந்த நினைப்பிலேயே அன்றைக்கு ரயிலில் மாட்டுங்காவைத் தாண்டி அடுத்த ஸ்டேஷனான சயானில் இறங்கினேன்.

1943இல் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் கட்டுரை வாசிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார்கள். அன்று காலையில் வீட்டுக் கூடத்தில் நின்று ஒத்திகை பார்த்தேன். "அரசுகள் மாறும், தெய்வங்கள் மாறும். குழந்தை தாயை அழைக்கும் சொல் மட்டும் மாறுவதில்லை."

என் தாயார் வாலாம்பாள் சேனை நறுக்குவதை நிறுத்தினாள்.

"அப்போ நீ என்னை என்னன்னு கூப்பிடறே?"

"மன்னின்னு."

மன்னி என்றால் அண்ணன் மனைவி. பாலக்காட்டில் கூட்டுக் குடும்பம், அப்பாவுக்கு நாலு தம்பிகள். அவர்கள் மன்னி, மன்னி என்று கூப்பிட்டதைக் கேட்டு நானும் அப்படியே பழகிவிட்டேன். எங்களவர் வீடுகளில் இது சகஜம். யாரும் திருத்துவதில்லை என்று அவளிடம் சொன்னேன்.

"நான் திருத்தினேன்," என்றாள். "மடியிலே வச்சிண்டு, அம்மா சொல்லு, அம்மா சொல்லுன்னு கெஞ்சினேன். உன் சித்தப்பாக்கள் சிரிச்சா. வெக்கமாப் போச்சு, விட்டுட்டேன்." சேனைத் துண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இப்போ ஒரு தரம் சொல்லேன்," என்றாள்.

"நாப்பது வயசிலேயா? போ மன்னி, நாழியாறது."

சொல் மட்டும் மாறுவதில்லை என்ற அந்த வரியை அடிக்காமல் சங்கத்தில் அப்படியே வாசித்தேன். கைதட்டினார்கள். பிறகு வேங்கடசுப்ரமணியன் என்ற காலேஜ் வாத்தியார் எழுந்தார்.

"அன்னா, அம்மா, அத்தா எல்லாம் எந்த தேசத்துக் குழந்தையும் உளர்றதுதான் சார். இதை வச்சு ரெண்டு பாஷைக்கு உறவு கொண்டாட முடியாது. குழந்தை என்னமோ சொல்றது. என்னைத்தான் கூப்பிடறதுன்னு ஒருத்தி திரும்பிப் பாக்கறா. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அவ கொடுத்தது."

அவர் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் வீம்புக்கு ஆறு மாதம் மறுப்பு எழுதினேன். அந்த ஆறு மாதத்தில், அதற்குப் பிறகு வந்த வருஷங்களில், கூடத்தில் அவளைத் தாண்டிப் போன ஏதாவது ஒரு நாளில் 'அம்மா' என்று சொல்லியிருக்கலாம். காசா, பணமா? செத்துப்போன பாஷையில் அந்தச் சொல்லை நாள் முழுக்க உச்சரித்துக்கொண்டிருந்த எனக்கு, சொந்த பாஷையில் சொல்ல நாக்குக் கூசியது. நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

1946 மழைக்காலத்தில் அவளுக்கு நிமோனியா. மூன்றாம் நாள் பிற்பகல் டாக்டர் கையை விரித்துவிட்டுப் போனார். நான் குனிந்து அவள் காதருகில், "அம்மா," என்றேன்.

"யாரோ யாரையோ கூப்பிடறா," என்றாள், கண்ணைத் திறக்காமல். "ஜம்பு எங்கே? அவனை வரச்சொல்லு."

"அம்மா," என்றேன் மறுபடியும். பக்கத்தில் யாருக்கோ இடம் விடுகிறவள் மாதிரி சுவரோரம் நகர்ந்து படுத்தாள்.

"மன்னி," என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.